மொட்டை மூடி

கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டில் தண்டாயுதபாணியைப் போல நிதானமான டிரைவர் கிடையாது என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, சொல்லும்! அந்த நிதானத்துக்குப் பெயர் பயம். அது அவருக்கும், பழனியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சுப்புராஜுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவருக்குச் சொந்த ஊர் பழனி. ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு கல்யாணக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது வண்டி கொதித்துவிட்டது. முகூர்த்தம் போகிறது, முகூர்த்தம் போகிறது என்று பின்னால் இருந்தவர்கள் கத்த, அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டார். சீறி வந்த வெந்நீர் கழுத்தையும் வலது கையையும் தோலுரித்துவிட்டது. இரண்டு மாதம் வாழையிலையில் கிடந்தார். கண் தப்பியது முருகன் புண்ணியம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். இவருக்கோ அந்த அடுப்போடு மாரடிப்பதுதான் பிழைப்பு.

எழுந்து நடமாடியதும் முதல் காரியமாக அந்த ஸ்பிரிங் மூடியைக் கழற்றிவிட்டு, ஏதோ பழைய காரில் கிடந்த ஸ்பிரிங் இல்லாத மூடியை மாட்டினார். ஆவி உள்ளே அடைபடாது, பக்கத்துக் குழாய் வழியாகப் போய்விடும், மூஞ்சியில் அடிக்காது என்பது அவருடைய எண்ணம். சுப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டான்.

"பழனிக்கு வர்ற சனத்துக்குத்தான் மொட்டை போடுவாங்க. நீ வண்டிக்கே மொட்டை போட்டுட்டியா? ஏலே, மலை மேல தண்ணி வெரசாக் கொதிச்சுரும். கொடைக்கானல்ல பருப்பு வேக மாட்டேங்குதே, எதனால? அதை அமுக்கி வைக்கத்தான் அந்த ஸ்பிரிங்கு."

சொல்லிவிட்டு, கழற்றிய மூடிக்குப் புது ரப்பர் போட்டு அவர் கையில் திணித்தான். "புத்தி வர்றப்ப மாட்டிக்க."

புத்தி ஏழு வருஷம் வரவில்லை. ஸ்பிரிங் மூடி டாஷ்போர்டில் துணி சுற்றிக் கிடந்தது. ஏற்றத்தில் நாலு மைலுக்கு ஒரு தரம் நிறுத்தி, வண்டிக்காரன் மாட்டுக்குக் காட்டுகிற மாதிரி தண்ணீர் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார். வந்தவர்களும் இறங்கிக் காற்று வாங்கினார்கள், அவரைப் புகழ்ந்தார்கள்.

அறுபத்தொன்று பங்குனியில் ஒரு நாள் காலை, பண்ணைக்காட்டில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பூண்டு போடும் சின்னச்சாமி என்ற இளைஞன் ஓடிவந்து வண்டியை மறித்தான். அவன் பெண்டாட்டி கருப்பம்மாளுக்குத் தலைப்பிரசவம், முந்தின நாளிலிருந்து வலி. மருத்துவச்சி ராக்காயி கையை விரித்துவிட்டாள்.

"புள்ள குறுக்க கெடக்கு சாமி. எங் கையில ஒண்ணும் இல்ல. வெரசா ஆஸ்பத்திரி கொண்டு போங்க" என்றாள். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஊத்து என்ற ஊரைத் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. தண்டாயுதபாணி நிறுத்தினார்.

"என்ன அண்ணே?"

"வண்டி மூச்சு வாங்குது தம்பி. செத்த பொறு."

பின்சீட்டில் கருப்பம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். கால் மணி நேரம் போனது. தண்ணீர் ஊற்றிக் கிளம்பினார். பெருமாள்மலைக்கு முன்னால் மறுபடியும் கொதித்தது. இந்தத் தடவை அவள் முனகவில்லை, அலறினாள். தண்டாயுதபாணி டின்னைக் கையில் பிடித்தபடி பானெட்டையே பார்த்தார். ஆறட்டும் என்று நிற்கிறோமே, இது முன்யோசனையா, இல்லை கோழைத்தனமா? அவருக்கே பிடிபடவில்லை. ஏழு வருஷமாக இரண்டும் ஒன்றாகவே கலந்து கிடந்தன.

மூன்றாவது தடவை செண்பகனூர் ஏற்றத்தில் நின்றது. அலறல் அடங்கிவிட்டது. ராக்காயி மட்டும், "தாயி, கண்ண மூடாத, கண்ண மூடாத" என்று அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். டின்னில் பாதித் தண்ணீர்தான் மிச்சம். இந்த மூடியோடு போனால் ஒரு மைலில் அதுவும் ஆவியாகிவிடும்.

சின்னச்சாமி பொறுக்கமாட்டாமல் இறங்கி ஓடி, பானெட்டைத் தூக்கி மூடியில் கை வைக்கப் போனான்.

"அடேய், தொடாதே!" தண்டாயுதபாணி பாய்ந்து அவனைப் பிடித்துத் தள்ளினார்.

 சாக்கை நனைத்து மூடி மேல் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, முருகா என்று திருகினார். புஸ்ஸென்று ஆவி வந்தது, சாக்குக்குள் கை சுட்டது, விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அப்புறம் மொட்டை மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டாஷ்போர்டைத் திறந்து துணியைப் பிரித்தார். ஸ்பிரிங் மூடியை வைத்து, அமுக்கி, இறுகத் திருகினார்.

அந்த மிச்ச வழி முழுவதும் பானெட் எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார். கழுத்துத் தழும்பில் வியர்வை எரிந்தது. ஆவி வரவில்லை. வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் நர்ஸ் வந்து, ஆபரேஷன் முடிந்தது, பெண் குழந்தை, தாய்க்கு ரத்தம் ரொம்பப் போய்விட்டது, ஆனாலும் பிழைத்துக்கொள்வாள் என்றாள். சின்னச்சாமி அழுதுகொண்டே அவர் காலில் விழப் போனான்.

"நீங்க பக்குவமா ஓட்டியாந்ததாலதான்ணே..."

அதைக் கேட்கச் சகிக்கவில்லை. "விழாத தம்பி. மூணு எடத்துல நின்னது வண்டியால இல்ல, என்னால" என்று ஆரம்பித்து, வெந்த கதையிலிருந்து மூடியை மாற்றியதுவரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

சின்னச்சாமியின் முகம் இறுகியது. 

"அவ கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இனி அந்தப் பழைய மூடியத் திரும்ப மாட்டுவீங்களா?"

மாட்டமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. "தெரியலப்பா. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

சின்னச்சாமி கையை நீட்டினான். "அப்ப அதை எங்கிட்டக் குடுங்க."

தண்டாயுதபாணி சட்டைப் பையிலிருந்து மொட்டை மூடியை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை மடியில் முடிந்துகொண்டு, பிள்ளையைப் பார்க்க உள்ளே போனான்.