பழைய காரின் புகை

எங்கள் காருக்கு என் கணவரைவிட வயது அதிகம். அது கக்கிய கரும்புகையைப் பார்த்து, கல்முனையில் ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். "பழைய கார்தானே, புகைக்கத்தான் செய்யும். போங்க" என்று விட்டுவிட்டார். நாங்களும் சந்தோஷமாக வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் கணவரும் அவருடைய உம்மாவான மாமியும் நானும் பொத்துவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். அடைமழை என்பதால் கண்ணாடிகளையெல்லாம் பூட்டியிருந்தோம். திருக்கோவிலைத் தாண்டும்போது எனக்குத் தலையிடி வந்தது. பின்சீட்டில் என் பக்கத்தில் தூங்கிய மாமியைத் தட்டினேன். அசையவேயில்லை.

"காரை நிப்பாட்டுங்க! மாமி கண்ணத் திறக்கிறாவில்ல!"

இருவருமாக அவரை வெளியே தூக்கிக் காற்றில் உட்காரவைத்தோம். சற்று நேரத்தில் வாந்தியெடுத்துக் கண் திறந்தவர், "ஏன் புள்ள என்னை மழையில வெச்சிரிக்காய்?" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கராஜில் பின்சீட்டைக் கழற்றிப் பார்த்தபோது அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதன் கீழே புகைக்குழாயும் வெடித்திருந்தது. "புகை முழுக்க உள்ளுக்குத்தான் வந்திரிக்கு" என்றார் மெக்கானிக்.

இரண்டையும் சரிசெய்துவிட்டோம். இப்போது எந்த மழையிலும் ஒரு கண்ணாடியை நான்கு விரல் திறந்துதான் வைக்கிறேன். காரில் யாராவது தூங்கினால் இடையிடையே கூப்பிட்டுப் பார்ப்பேன். "என்ன?" என்று எரிந்துவிழுந்தால்தான் எனக்கு நிம்மதி.