டப்பாவில் மாற்றி வைத்த மாத்திரை

என் மனைவியின் வலியை நான் நம்பவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்க அவளுடைய மாத்திரைகளை மாற்றி வைத்தேன். ஆம், நான்தான்!

முகத்தைச் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். உங்கள் வீட்டில் முனகிக்கொண்டு படுத்திருப்பவரைப் பார்த்து நீங்கள் ஒருமுறைகூட அலுத்துக்கொண்டதில்லையா?

வங்காளத்து டாலிகஞ்சில் எங்களுக்கு ஒரு சிறிய இட்லிக் கடை. மூன்றாண்டுகளாகச் செல்விக்கு உடம்பெங்கும் வலி. தோள், இடுப்பு, விரல்... ஓரிடத்தில் நின்றாலாவது பரவாயில்லை! ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்திலும் ஒன்றுமில்லை. ஆனாலும் மருத்துவர் அதற்கொரு பெயர் சொல்லி, தினமும் விழுங்க மாத்திரை எழுதித் தந்தார். ஒன்றுமில்லாததற்கு ஒரு பெயர்!

"பக்கத்துலதானே சினிமா ஸ்டுடியோ? போய் நடி, நல்லா வருவே" என்றேன்.

பிறகுதான் அந்த மேதாவித்தனம். அவளுடைய மாத்திரை டப்பாவில் அதே நிறத்தில் சத்து மாத்திரைகளை நிரப்பினேன். மறுநாள் மாலை கடையில் வைத்துக் கேட்டேன், "எப்படி இருக்கு?"

"இன்னைக்குக் கொஞ்சம் தேவலைங்க."

எவ்வளவு பூரித்துப் போனேன் தெரியுமா! பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, எங்களுக்கு 'பௌதி', காபி குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரியட்டும் என்று, என் கண்டுபிடிப்பை வங்காள மொழியிலேயே போட்டு உடைத்தேன். பௌதி தலையைக் குனிந்துகொண்டாள். செல்வி அழவில்லை. அடுத்த தட்டுக்குச் சட்னி ஊற்றினாள்.

அந்த வெற்றியை மருத்துவரிடமும் போய்ச் சொன்னேன்... எத்தனை பெரிய மடையன்! மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையிலேயே நிஜமான வலியும் சற்றுத் தணியும் என்றார் அவர். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து என்றும் சொன்னார். அதன்பின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய மாத்திரைகளை டப்பாவில் திரும்ப வைத்தேன். அவள் தொடவில்லை. 'வலி' என்ற சொல்லே அவள் வாயிலிருந்து வருவதில்லை. மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போது உதடு வெளுக்கிறது. விரல்கள் மடங்க மறுக்கின்றன. இப்போது எல்லாம் என் கண்ணில் படுகிறது. பட்டு என்ன பயன்!

மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க... மாவு பொங்கிடும், எடுத்து வைங்க" என்றாள்.

இன்று காலை மாடிப்படியின் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஓடிப்போய்த் தோளைத் தாங்கினேன்.

"வலிக்குதா செல்வி?"

"இல்லீங்க."

என் கையை மெல்ல எடுத்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.