இரண்டு சிவப்புக் குர்தாக்கள்

என் வேலைக்காலம் முழுவதும் ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் கழிந்தது. வார்ப்பில் வெடிப்பு இருக்கிறதா, மரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். நான் கையெழுத்துப் போட்டால்தான் பொருள் வெளியே போகும்.

அந்தக் கண்ணைப் பழைய நகை, துணி பக்கம் திருப்பியது என் அம்மாவின் வைரத்தோடு. கழுவி வைத்துவிட்டு மறுபடி போடும்போது திருகாணி ஏறவே இல்லை. இடதையும் வலதையும் மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. ஒரே ஜோடியில் ஒன்றுக்கு மற்றது ஏன் சேரக்கூடாது? லென்ஸை வைத்துப் பார்த்தேன். மரையின் பற்கள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தன. கையால் வெட்டிய மரை. அதனதன் தண்டுக்கு மட்டுமே பொருந்தும். மிஷினில் வெட்டியது இப்படி இருக்காது.

அதன்பிறகு எதைப் பார்த்தாலும் அதன் வயதைத் தேட ஆரம்பித்தேன். ரவிக்கைக்குள் தைத்த தையற்கடை லேபிளில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது எழுபதுகளுக்கு முந்தியதாக இருக்க முடியாது. தையல்நூலின் நுனியைக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக நிற்கும். பழைய பொருள் முதலில் தான் எது இல்லை என்பதைத்தான் சொல்லும். எது என்பதைச் சொல்ல வைக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு.

ஓய்வு பெற்று அல்வாலில் குடியேறியதும் ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். வாசலில் யாராவது துணிப்பையோடு நின்றால் என் கணவர், "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார். கிண்டல்தான். ஆனால் அந்தக் குரலில் ஒரு மிதப்பும் இருக்கும்.

சென்ற குளிர்காலத்தில் அப்படி வந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் குடும்பம். நாங்கள் பேசுவது பாதி உருது, பாதி தெலுங்கு. இங்கே தமிழில் எழுதுகிறேன். கூட அவர் மகளும் வந்திருந்தாள். கச்சிபௌலியில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பையிலிருந்து இரண்டு குர்தாக்கள் வெளியே வந்தன. இரண்டும் மணப்பெண் உடுத்துவது. இரண்டும் அடர்சிவப்புப் பட்டு, நெஞ்சில் அகலமான ஜரிகைப் பட்டை.

"இதுல ஒண்ணு என்னைப் பெத்த அம்மாவோடது, அக்கா. எதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

அவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் தாய் இறந்துவிட்டார். ஒரு போட்டோகூட இல்லை. நாலைந்து வயதில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். வந்தவர்தான் வளர்த்தார். அவரைத்தான் இவர் 'அம்மி' என்று கூப்பிட்டார். அம்மிக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவரும் காலமான பிறகு, அவருடைய பெட்டியைத் திறந்தபோது ஒன்றல்ல, இரண்டு கல்யாண உடுப்புகள் இருந்தன. கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் மிச்சமில்லை.

ஜன்னலோரம் மேஜையைப் போட்டு அன்று மாலைவரை பார்த்தேன். இரண்டிலும் பருத்தி நூல். இரண்டிலும் அசல் வெள்ளி ஜரிகை, ஒரே மாதிரி கறுத்திருந்தது. அளவிலும் வித்தியாசமில்லை. இருபது வருட இடைவெளி என்றால் துணியே சொல்லிவிடும். ஐந்தாறு வருடத்தைப் பிரித்துச் சொல்ல அதற்குத் தெரியாது.

"இப்போதைக்குத் தெரியலை" என்றேன்.

கிளம்பும்போது மகள் வாசல் கேட் அருகில் பின்தங்கி நின்று, "ஆன்ட்டி, ஏதாவது ஒண்ணைக் காட்டிச் சொல்லிடுங்களேன். அம்மாவுக்கு நிம்மதியா இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள், மெல்ல.

"எனக்குத் தெரியுமேம்மா" என்றேன். "தெரியாததுக்கு நான் எப்பவும் கையெழுத்துப் போட்டதில்ல. ரெண்டும் இங்க இருக்கட்டும். விட்டுட்டுப் போ."

அவள் முகம் சுருங்கியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தையில் அந்த அம்மாளைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். ஆனால் பொய்யாகக் கிடைத்த தாயை அவர் வாழ்நாள் முழுவதும் பத்திரப்படுத்தி வைப்பார் என்று நினைத்தபோது, வாயை மூடிக்கொண்டதே சரி என்று பட்டது.

எப்போது செய்தது என்று கேட்டுப் பயனில்லை. யார் போட்டது, எப்படிப் போட்டது என்று கேட்கலாமே என்று சில நாள் கழித்துத்தான் தோன்றியது. குர்தாக்களை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினேன்.

முதலாவதில் ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு தடவை போட்டு மடித்து வைத்த துணி.

இரண்டாவதின் பக்கத் தையல்கள் பிரிக்கப்பட்டு உடுப்பு ஒரு விரல் அகலம் பெரிதாக்கப்பட்டிருந்தது. பழைய தையலின் ஊசித்துளைகள் வரிசையாக அப்படியே தெரிந்தன. போட்டவர் பிற்பாடு பருமனாகியிருக்கிறார். அப்புறம் நெஞ்சுப் பகுதிக்கு வந்தேன். ஜரிகைப் பட்டைக்கு அடியில், வெளியிலிருந்து கொஞ்சமும் தெரியாதபடி, இடமும் வலமுமாக இரண்டு நீளமான பிளவுகள். கத்தரியால் வெட்டி, ஓரத்தை மடித்துக் கையால் தைத்து, பிரஸ் பட்டன் வைத்திருந்தது. தையற்காரர் தையல் இல்லை. அவசர அவசரமாக வீட்டில் யாரோ தைத்தது. அதற்குக் கீழே உள்துணியில் மஞ்சள் வளையங்கள், தொட்டால் மொரமொரப்பாக.

அந்தக் கறையை எனக்குத் தெரியும். என் மகன் பிறந்த வருடம் என் ரவிக்கை ஒவ்வொன்றிலும் அது இருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணவர், "என்ன, வெடிப்பு ஏதாவதா?" என்றார்.

"இல்ல. குழந்தை" என்றேன்.

உடனே சொல்ல ஓடவில்லை. ஆசிரியையை வரவழைத்து முதலில் கேள்விதான் கேட்டேன். அம்மி இந்த உடுப்பை யாருக்காவது இரவல் கொடுத்ததுண்டா?

"இரவலா! அந்தப் பெட்டிச் சாவி அவங்க இடுப்பைவிட்டு இறங்கினதே இல்ல, அக்கா. எதுக்குக் கேக்குறீங்க?"

குர்தாவை அவர் மடியில் வைத்து, அவர் கையைப் பிடித்து அந்தப் பிளவுக்குள் விட்டேன். அவர் விரல்கள் பட்டன்களைத் தடவின. கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எனக்காக வெட்டினதா?"

"ஆமா. கல்யாணத்துக்குப் போட்ட உடுப்பு. அப்புறம் வேற ஏதோ விசேஷத்துக்குப் போட்டுட்டுப் போகணும், கையில நீங்க. உங்களுக்குப் பசிச்சா சட்டுன்னு கொடுக்கணுமேன்னு ஜரிகைக்கு அடியில வெட்டியிருக்காங்க."

"நிச்சயமாவா?"

"கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அவர் அழுதார். நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது குர்தாவை முகத்தோடு சேர்த்து வைத்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பட்டுத் துணியை ஒரே மடிப்பில் வருடக்கணக்காக வைத்தால் மடிப்பு வரியில் கிழிந்துவிடும். இந்த இரண்டும் கிழியவில்லை. மடிப்புக் கோடுகள் பல இடங்களில் மெல்லியதாக இருந்தன. யாரோ விடாமல் எடுத்துப் பிரித்து, இடம் மாற்றி மடித்திருக்கிறார்கள். தன்னுடையதை எப்படிப் பார்த்துக்கொண்டாரோ அப்படியே, தனக்கு முன் அந்த வீட்டுக்கு வந்தவளுடையதையும் அம்மி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றார் ஆசிரியை.

கல்யாணத்துக்கு மகள் அம்மியின் குர்தாவையே போட்டுக்கொண்டாள். "என்னைத் தூக்கி வளர்த்த பாட்டி, என் நானி, அவங்கதானே, ஆன்ட்டி" என்றாள். எனக்கு அது சரியென்றே பட்டது. மற்றதன் பிளவுகளைத் தைத்துவிடலாமா என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி கேட்டதற்கு ஆசிரியை, "நக்கோ, வேண்டாம்! ஒரு ஊசிகூட அது மேல படக்கூடாது" என்று சத்தம் போட்டாராம்.

மருதாணி விழா அன்று பெண்கள் கூடியிருந்த அறையில் ஆசிரியை தன்னைப் பெற்ற தாயின் குர்தாவை எடுத்து வந்தார். நல்ல பக்கத்தைக் காட்டவில்லை. உட்புறத்தைத் திருப்பி, பட்டனைத் திறந்து, கறையைக் காட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் முடிவில் என் பக்கம் கையை நீட்டி, "இவங்கதான் கண்டுபிடிச்சாங்க" என்றார்.

பிரியாணி ஆறுகிறது என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கணவர் போன் செய்து கூப்பிட்டார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். புதிதாக இன்னும் இரண்டு பேர் உள்ளே வந்திருந்தார்கள். அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தார்.