ராத்தா போர்த்திவிட்ட சேலை

இதை எழுதப் பல வருடங்கள் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதப்போவதோ கூடப்பிறந்தவனைப் பற்றி. கண்ணகை அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

கடல் பொங்கிய அன்று எனக்குத் திருவெம்பாவை விரதம். எங்கள் தெருவே ஓடிப்போய் வாவிக்கரையில் ஒரு முஸ்லிம் வீட்டு வளவுக்குள் விழுந்தது. அந்த வீட்டு அக்காவை எல்லோரும் ராத்தா என்றோம். நனைந்து நடுங்கிய என்னைத் தன் சேலையால் தலையோடு போர்த்திவிட்டார். விரதம் என்றதும் புதுச்சட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது மீன் மச்சம் படாத சட்டி புள்ள. நீயே ஆக்கு, நான் கிட்டவும் வரமாட்டன்."

"வாங்க ராத்தா. விரதக்காரி உப்புப் பாக்க ஏலாது, நீங்கதான் பாக்கணும்."

"உப்புக் கூடினா என்னை ஏசப்படாது!" என்று சிரித்தார்.

அந்த முக்காட்டோடு எல்லோருடனும் நான் உண்ணும்போது அவர் மகன் படம் எடுத்தான். பிறகு அதைக் கொண்டுவந்தும் தந்தான். சாமிப்படங்களோடு வைத்திருந்தேன்.

யுத்தம் முடிந்தபின் வெளிநாட்டிலிருந்து தம்பி வந்தான். சண்டைக்காலத்தில் எங்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய், அவர் திரும்பி வராததால் ஊரை விட்டவன். அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டான். நானும் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

சில மாதத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பேஸ்புக்கில் காட்டினாள். தம்பியின் பக்கத்தில் என் முக்காட்டுப் படம். மேலே, "சோற்றைக் காட்டி மதம் மாற்றினார்கள், இதோ ஆதாரம்." கீழே வாயால் சொல்லமுடியாத தூஷணங்கள். அந்தச் சட்டியில் என்னோடு உண்டவர்களும் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். "அது விரதச் சோறுடா!"

"தெரியும் அக்கா."

தெரியுமாம்.

"அண்ணனப் பத்தி எத்தின தரம் எழுதினன். ஒருத்தனும் கேக்கல்ல. இதப் போட்டதும் எல்லாரும் எண்ட பக்கம் நிக்கிறாங்கள்."

அவன் துக்கத்துக்கு வராத கூட்டம் வெறுப்புக்கு வந்தது. அவனுடைய தனிமை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அழித்துவிட்டான்தான், அதற்குள் படம் ஊரெல்லாம் போய்விட்டது.

ராத்தாவிடம் ஓடினேன். வாசல் படலையைத் திறக்காமலே கேட்டார்:

"நான் சீலை தந்தது இதுக்கா புள்ள?"

"நான் எழுதல்ல ராத்தா."

"படம் உன்ட வீட்டிலதானே இருந்திச்சு?"

திரும்பி நடந்தேன். அதன்பின் அந்தப் படலை எனக்குத் திறக்கவில்லை.

படத்தைப் பார்த்தவர்கள் இதையும் பாருங்கள். மற்றவர்களுக்கு அனுப்புவதானால் ஒரு சொல்லைக் கூட்டாமல், குறைக்காமல் அனுப்புங்கள். ராத்தாவின் வீட்டுக்கு இது நான் எழுதியபடியே போய்ச் சேரவேண்டும்.