காதுக்கு ஒரு ரிமோட்

என் இரண்டு காதுகளுக்கும் சேர்த்து ஒரு ரிமோட் உண்டு. அது என் மனைவியின் போனுக்குள் இருக்கிறது. நான் எவ்வளவு கேட்கலாம், எப்போது கேட்காமல் இருந்தால் நல்லது என்பதையெல்லாம் அவள் கட்டைவிரலால் தீர்மானிக்கிறாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் வீட்டு அதிகாரம் யார் கையில் என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது அது போன் திரையிலேயே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஜோகுபாளையத்தில் எங்களுடையது இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. முன்னறையில் தும்மினால் சமையலறையிலிருந்து "நூறு வயசு" என்று பதில் வரும், அவ்வளவுதான் தூரம். அந்தத் தூரத்துக்கே அவள் கத்த வேண்டியிருந்தது. முதலில் ஒருமுறை கூப்பிடுவாள், எனக்குக் கேட்காது. இரண்டாம் முறையும் கேட்காது. மூன்றாம் முறை கூப்பிடுவது மட்டும்தான் என் காதுக்கு வந்து சேரும். ஆகையால் என்னைப் பொறுத்தவரை என் மனைவி எடுத்த எடுப்பிலேயே கத்துகிற பெண்பிள்ளை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

"ஏன் கத்துறே? நான் என்ன செவிடா?" என்பேன்.

"பின்ன இல்லியா?" என்று அவள் இன்னும் உரக்கக் கேட்பாள்.

இந்த ஒரே சண்டையைப் பத்து வருஷம் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட அது மனப்பாடம்.

காது போனதற்குக் காரணம் பெரிய ரகசியமில்லை. ஒரு அரசுத் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் நின்றேன். இரும்புத் தகட்டின் மேல் பிரஸ் இறங்குகிற ஒவ்வொரு அடியும் பல்வரிசை வரை அதிரும். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் புதுப் பையன்களுக்கு என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அன்றைக்குக் காதில் எதையும் மாட்டமாட்டேன் என்ற வீம்பின் பலனாக, ஓய்வு பெற்ற பிறகு காதில் எதையாவது மாட்டியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

காது மெஷின் என்றதும் எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஷாப்பில் வயதான தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டிருந்தது. மெஷின் போட்டுக்கொண்டு வருவார். நாங்கள் நாலைந்து பேர் அவர் எதிரில் நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்போம். அவர் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றித் தட்டிப் பார்ப்பார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அந்தக் கூத்தில் முதல் ஆள் நான்தான். நானே மெஷின் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பதா?

ஆனால் மகன் விடவில்லை. அவனுக்கு ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒரு சனிக்கிழமை வந்து, என்னையும் அவன் அம்மாவையும் ஆட்டோவில் ஏற்றி ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு சின்னப் பெண், காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும் பயறளவு மெஷின்கள் இரண்டை மாட்டிவிட்டு, "கேளிஸ்தா இதெயா சார்?" என்று கன்னடத்தில் கேட்டாள். கேட்டது. அவள் குரல் மட்டுமா, மின்விசிறி, நாற்காலி இழுபடுவது, என் எச்சிலை நானே விழுங்குவது எல்லாமும் கேட்டன. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

இந்த மெஷினை போனோடு இணைக்கலாம் என்றாள் அந்தப் பெண். பாட்டு வைத்தால் நேராகக் காதுக்குள் போகும், போன் வந்தால் காதிலேயே பேசலாம், சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் போனிலேயே.

"அப்பா, உங்க பட்டன் போன்ல இதெல்லாம் வராது. அம்மா போன்ல போட்டுடுறேன்" என்று மகன் அங்கேயே இணைத்துவிட்டான். அவன் அம்மா புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள். நான் மெஷினைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டதால் அதற்குமேல் எனக்கு எதுவும் புரியவும் இல்லை, கேட்கவும் இல்லை.

மகன் விடாமல் வாங்கிவிட்ட மெஷின் டப்பா வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்குள் போனது. "இன்னொரு தரம் அதைப் பத்திப் பேசினா நான் சாப்பிடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நான் சாப்பாட்டின் மேல் கைவைத்தால் விஷயம் பெரிசு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. அந்த டப்பாவே சார்ஜரும்கூட. என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் அதை எடுத்து பிளக்கில் மாட்டி, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்ப பீரோவில் வைப்பாள். நான் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஆடி முடிந்து ஆவணியும் பிறந்தது. அப்போதுதான் ஒரு புது வினோதம் தொடங்கியது. அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு தயார் என்றால் வந்து தோளைத் தட்டுவாள். கடையில் என்ன வாங்க வேண்டும் என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பாள். தவிர்க்கவே முடியாதபோது மட்டும் ஒரு கத்தல். இரண்டு வாரம் வீடு பரம அமைதி. எனக்குப் பயமாகிவிட்டது. என்ன கோபம் என்று தெரியாத கோபத்தைவிட மோசமானது வேறில்லை.

அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். சமையலறையில் தனியாக நிற்கும்போது அவள் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. என்னைத்தான் திட்டுகிறாள் என்று முடிவு கட்டினேன். முகத்துக்கு நேரே திட்டாமல் முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கிறாளா, என்ன திட்டுகிறாள் என்று கேட்டே தீர வேண்டும். அந்தப் புதன்கிழமை காலை, அவள் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் பூனை மாதிரி உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறந்தேன். மனைவியை உளவு பார்ப்பதற்காக மட்டுமே நான் முதல்முறையாக என் விருப்பத்தில் அந்த மெஷினை மாட்டிக்கொண்டேன்.

டிங் என்று ஒரு மணி அடித்தது. ஃபேன் இரைந்தது. அடுத்த நிமிஷம், இரண்டு காதுக்குள்ளும் ஒரு அம்மன் பாட்டு, மேளதாளத்தோடு, மண்டைக்கு நடுவில் கச்சேரி வைத்த மாதிரி கிளம்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்லக் கதவோரம் வந்து சமையலறையை எட்டிப் பார்த்தேன்.

அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. என் காதுக்குள் ஓடுகிற பாட்டின் வரிகளுக்குச் சரியாக, ஒரு சொல் பிசகாமல். சத்தம் மட்டும் இல்லை. அந்த வரி முடிந்த பிறகுதான் போன் ஊமையாகிவிட்டதை அவள் கவனித்தாள். கத்தியைக் கீழே வைத்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். பாட்டு என் மண்டைக்குள் கூடியது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கூட்டினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். போனைத் தட்டினாள், திருப்பிப் பார்த்தாள், ஊதினாள், கடைசிவரை கூட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன். தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக் கட்டிலில் வந்து உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. பாட்டு நின்றது. காதுக்குள் அவள் அக்காவின் குரல். நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஓசூரில் இருக்கிறார். ஹலோ சொல்லிப் பழக்கமில்லாதவர், எடுத்ததும் விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"ஏண்டி, காலையில மாத்திரை போட்டியா? என்ன, பதிலே காணோம்? சரி சரி, பேசாதே. பேசக்கூடாதுன்னுதானே டாக்டரும் சொல்லியிருக்காரு. நான் பேசுறேன், நீ கேளு. கத்திக் கத்தித் தொண்டையில கட்டி மாதிரி முண்டு வந்திருக்குன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா இல்லியா?"

சமையலறையில் என் மனைவி, "அலோ... அக்கா... ஒண்ணும் கேக்கலக்கா!" என்று அந்த ஊமைப் போனில் கத்திக்கொண்டிருந்தாள். குரல் நடுவில் உடைந்து கரகரத்தது. பத்து வருஷமாக அந்தக் கரகரப்பைக் கோபம் என்று நினைத்திருந்தேன்.

அவள் கத்துவது அந்தப் பக்கம் போகவே இல்லை, அண்ணி விடவில்லை. "சொல்லியிருக்க மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? சொன்னா தன்னாலதான்னு அந்த மனுசன் ஒடஞ்சி போயிடுவாருன்னு அன்னைக்கு அப்படி அழுதே. ஒடையட்டும்டி, நாலு நாள்ல சரியாயிடுவாரு. நீ இன்னும் இப்படியே கத்தினா ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. இந்த ஆடியில கோயில்ல நீ வாயே தொறக்கல. முப்பது வருசமா பாடுறவ ஏன் பாடலன்னு அவரு ஒரு வார்த்தை கேட்டாரா?"

கேட்கவில்லை. நானும் அந்தக் கோயிலுக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, வெங்காயம் போதவில்லை என்று குறையும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் பாடாதது எனக்குத் தெரியவே இல்லை. பாடியிருந்தாலும் கேட்டிருக்காது.

"இப்ப நீ சொல்றியா, இல்ல நானே பஸ் ஏறி வந்து சொல்லட்டுமா?"

"வர வேணாம் அண்ணி. சொல்லிட்டீங்க" என்று மெல்ல முணுமுணுத்தேன்.

 "யாரு? தம்பியா? போன் அவகிட்ட இல்லியா?"

"போன் அவ கையிலதான் இருக்கு. நீங்க பேசுறது மட்டும் என் காதுல வருது."

"மெஷின் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"கழட்டிடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி வைத்துவிட்டார்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே அழுதேன் என்று சொல்வதில் இப்போது வெட்கமில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் காலடிச் சத்தமே எனக்குக் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பாமல், வழக்கமான மூன்றாம் முறைக் குரலில், "ஏங்க, இந்த போன் ரிப்பேர் ஆயிடுச்சி!" என்று கத்தினாள்.

"ஏன் கத்துறே" என்றேன். பத்து வருஷமாகச் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் சண்டையின் அடுத்த வரியான 'நான் என்ன செவிடா'வைச் சொல்ல வாய் வரவில்லை. "கத்தாதே. கேக்குது."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காதைப் பார்த்தாள். காதுக்குப் பின்னாலிருந்து இறங்கும் அந்த மெல்லிய கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்ப அடுப்புப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். வாயசைவை நான் பார்த்துவிடக் கூடாதாம். பரீட்சை வைக்கிறாள்.

"டீ போடட்டுமா?"

மிகச் சின்னக் குரல். அது என் மனைவியின் குரல்தான், கல்யாணமான புதிதில் இருந்த அதே குரல். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"போடு. சர்க்கரை கம்மியா."

அவள் பால் பாத்திரத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். தோள் குலுங்கியதில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. திரும்பியபோது இரண்டும்தான் என்று தெரிந்தது. "அப்ப பாட்டெல்லாம் உங்க காதுலதான் ஓடுச்சா? நான் ஃபுல்லா வெச்சேனே" என்றாள். "மண்டை பிளந்துடுச்சி" என்றேன். அன்று டீ குடித்து முடிப்பதற்குள் அவள் நாலு தரம் நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அதன் பிறகு டாக்டரிடம் நானும் போனேன். மூன்று மாதம் தொண்டைக்கு ஓய்வு, பிறகு மெல்லப் பயிற்சி, கத்தலே கூடாது என்றார். அவள் கத்தவில்லை. தேவையும் இருக்கவில்லை. மெஷின் மாட்டிக்கொண்டு நான் முதல் நாள் தெருவில் இறங்கியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. இத்தனை வீம்பு பிடித்ததற்கு நாலு பேராவது பார்த்திருக்கலாம்.

ஆனால் ரிமோட் அவளிடமே தங்கிவிட்டது. மகன் எனக்கும் ஒரு புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். டிவியில் கிரிக்கெட் பார்த்து நான் கூச்சல் போட்டால், அவள் சமையலறையிலிருந்தே என் காதைக் குறைத்துவிடுவாள். அக்காவோடு என்னைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் என்னை அடியோடு அணைத்துவிடுவாள். காலையில் நான் பால் வாங்கக் கிளம்பும்போது பாட்டை ஓட விடுவாள். வாசலைத் தாண்டி மூன்றாவது வீடு வரை பாட்டு கூடவே வரும், பிறகு விக்கி விக்கி அறுந்துபோகும். திரும்பி வரும்போது அதே மூன்றாவது வீட்டு வாசலில் வந்து சேர்ந்துகொள்ளும்.

அடுத்த வருஷ ஆடியில் கோயிலில் அவள் பாடினாள். டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார், ஆனால் உச்சக் குரல் எடுக்கக் கூடாது என்று நிபந்தனை. மைக் கிடையாது. தெருமுனை அம்மன் கோயில், சின்னது. பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் பின்னால் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றோம். கூழ் அண்டாவைச் சுற்றி ஒரே சலசலப்பு. இந்தச் சத்தத்தில் அவள் சின்னக் குரல் எங்கே எட்டப் போகிறது என்று எனக்குக் கவலையாக இருந்தது.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொள்வாள் என்று பார்த்தேன். செருமவில்லை. திரும்பி நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிக் கண்டுபிடித்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கட்டைவிரலால் ஏதோ செய்தாள். என் காதுக்குள் கோயில் மணி பக்கத்தில் வந்தது, முன்வரிசைப் பெண்களின் வளையல் சத்தம் பக்கத்தில் வந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, டீ போடட்டுமா என்று கேட்ட அதே குரலில் பாட ஆரம்பித்தாள்.