இருநூறு மீட்டர் தாங்கும்

நான் ஏழாவது படிக்கும்போது, கல்ஃபில் இருந்த மாமா லீவில் வந்து அப்பாவுக்கு ஒரு வாட்ச் கொடுத்தார். கறுப்பு முகம், ஸ்டீல் பட்டை, கண்ணாடியைச் சுற்றித் திருகுகிற மாதிரி ஒரு வளையம். தண்ணீருக்குள் மூழ்குகிறவர்களுக்கென்றே சுவிட்சர்லாந்தில் செய்தது. அந்த நாட்டு வாட்ச்களில் நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலையில் இது ஒன்றுதான் உண்டு என்றார். மாமா சொல்கிற எல்லாவற்றையும் போல இதிலும் பாதியாவது உண்மை இருந்திருக்கும்.

அப்பாவுக்கு மூழ்குவதுதான் வேலை. ஸ்ரீரங்கம் படித்துறையில் குளிக்க வருகிறவர்கள் மோதிரத்தையோ சங்கிலியையோ தவறவிட்டால் தேடி எடுத்துக் கொடுப்பார்.

"இருநூறு மீட்டர் ஆழம் தாங்கும் மச்சான்" என்றார் மாமா.

"அவ்வளவு தண்ணிக்கு நான் எங்க போறது மாப்ள? காவேரியில இடுப்பளவு வந்தாலே பேப்பர்ல போடறான்."

"பேட்டரி கெடையாது, சாவி குடுக்க வேணாம். கை அசைய அசைய ஓடும். பீரோவுல வெச்சுப் பூட்டினீங்கன்னா ரெண்டே நாள்ல நின்னுடும். தெனமும் கட்டுங்க."

அப்பா தினமும் கட்டினார். ஆனால் படித்துறைக்கு வந்ததும் சட்டையோடு அதையும் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார். லீவு நாட்களில் நான் கூடப் போனால் என்னிடம் கொடுப்பார். தண்ணீருக்கென்றே செய்த வாட்ச் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவோடு மூழ்குகிறவர் ஒருவர், "என்னடா, உங்கப்பன் வாட்ச்சுக்குச் சளி புடிச்சுக்குமா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டார். எனக்கு மானமே போயிற்று.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்குவதற்குமுன் கையில் கட்டிய கறுப்புக் கயிற்றைக்கூட அவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி விரித்துக் காட்டுவார். மேலே வரும்போதும் விரல்களை அகல விரித்தபடிதான் வருவார். வாயையும் ஒருமுறை ஆவென்று திறப்பார். கையை விரிப்பது காவேரிக்கு ஒரு கும்பிடு, வாயைத் திறப்பது மூச்சு வாங்குவதற்கு என்று நான் நினைத்திருந்தேன்.

வாட்ச்சைத் தண்ணீரில் இறக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கெஞ்சினேன், முறைத்தேன். ஆடி அமாவாசைக்கு முதல் நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். சோறு வேண்டாம் என்றால் அப்பாவால் தாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

"சரி, நாளைக்கு ஒரு நாள். அப்புறம் வாயத் தெறக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவின் சங்கிலி முழுக்குப் போடும்போது நழுவிவிட்டது. அழுதுகொண்டே அப்பாவிடம் இடத்தைக் காட்டினார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாட்ச்சோடு இறங்கினார். நான் கடைசிப் படியில் போய் நின்றேன்.

மூன்று முறை மூழ்கி வெறுங்கையோடு எழுந்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாட்ச் பலமா இருக்கே. இதுவும் தண்ணியில கெடைச்சதா?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் காத்திருந்தேன். "இல்லைங்க, சுவிஸ். எங்க மாமா கொண்டாந்தது. இருநூறு மீட்டர் தாங்கும்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "கெடைச்சிருந்தா குடுத்துடுப்பா. பாத்துப் போட்டுத் தரேன்" என்றார் அப்பாவிடம்.

அப்பா மறுபடியும் மூழ்கினார்.

வழக்கமாக அரை மணி நேரம் தேடுவார். கிடைக்காவிட்டால், "ஆத்தோட போயிடுச்சும்மா" என்று சொல்லி ஏறிவிடுவார். அன்றைக்கு ஏறவில்லை. உடன் மூழ்குகிறவர், "ஏறி வாப்பா, தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்று கத்தினார். கடைசியில் அந்த அம்மாவே, "போனாப் போகுதுங்க, மேல வாங்க" என்றார். அப்பாவின் உதடு கறுத்துவிட்டது. காலையில் படித்துறை மண்டபத்தின் நிழலில் இருந்த படி சுடத் தொடங்கியது. நானோ, அவர் தலை தெரியும்போதெல்லாம் வினாடி முள்ளைப் பார்த்து, "இன்னும் ஓடுது" என்று கூட்டத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தேன். சளி பிடிக்குமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லத்தான் அப்பா இத்தனை முறை மூழ்குகிறார் என்று எனக்குப் பெருமை.

யாரோ ஆற்றில் விட்டுப்போன பழைய வேட்டி ஒன்று படிக்கு அடியில் சிக்கியிருந்தது. சங்கிலி அதற்குள் கிடந்தது. அந்த அம்மா அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டுக்காரர் சட்டைப் பையில் கையை விட்டார். அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டினார். பிறகு தண்ணீரில் நின்றபடியே வாட்ச்சைக் கழற்றிப் படியில் வைத்தார். இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களை விரித்து, வாயைத் திறந்து, அந்த ஆளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அதுதான் சங்கிலி கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வாட்ச்சை என் கையில் மாட்டினார். அது முழங்கை வரை ஏறியது.

"நீ படிச்சு, வேலைக்குப் போறப்பக் கட்டிக்க. உன் கையில இருந்தா, எங்க கெடைச்சதுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

இப்போது அது என் கையில்தான் ஓடுகிறது. திருவெறும்பூர் பஸ்ஸிலும் ஆபீஸிலும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் அப்பா சொன்னது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. யாருமே கேட்காவிட்டால் சுவிஸ் என்று எப்படிச் சொல்வது? அதை யோசித்தபடி, வாட்ச் நின்றுவிடக் கூடாதே என்று வீடு வரைக்கும் கையை வீசி வீசி நடந்தேன்.