மாடி வாடகையும் பத்தில் ஒரு பங்கும்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பனிக்காலத்தில் வந்து, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்களில் இஸ்ரேலிலிருந்து வந்த ஓர் அம்மா நான்கு வருடம் தொடர்ந்து வந்தார். எழுபதை நெருங்கிய வயது. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. நான் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால், அவருக்கு இந்த ஊரில் பேச்சுத்துணை நான்தான்.

முதல் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை மேலே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை சூரியன் இறங்குவதற்கு முன்னால் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர்கள் வழக்கம். அதற்கு அப்புறம் மறுநாள் சாயங்காலம்வரை பணத்தைத் தொடமாட்டார். அதனால் அவசரமாக ஒரு கவரை என் கையில் கொடுத்தார். அந்த வாரம் பென்ஷன் வந்ததாகவும், அதில் பத்தில் ஒரு பங்கு அந்தக் கவரில் இருப்பதாகவும் சொன்னார். இந்தத் தெருவில் யார் கஷ்டப்படுகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும், நானே பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தது யார் என்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது, வாங்கியது யார் என்று தனக்கும் தெரிய வேண்டாம் என்றார்.

ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேண்டுதல் இல்லையாம். வீட்டுக்கு எந்த வருமானம் வந்தாலும் பத்தில் ஒரு பங்கை இல்லாதவர்களுக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும், மிச்சத்தில்தான் குடும்பம் நடக்க வேண்டும். அவருடைய அப்பா தையல்காரர். பிள்ளைகளுக்கு ஷூ இல்லாத வருடத்தில்கூட அதை எடுத்து வைத்தாராம். அப்படியென்றால் இது தானம்தானே என்று கேட்டேன். அந்த அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். அவர்கள் மொழியில் அதற்கு இருக்கிற வார்த்தைக்குத் தானம் என்று அர்த்தமே கிடையாது, நியாயம் என்றுதான் அர்த்தம் என்றார். அந்தப் பணம் தன்னுடையது இல்லை, தன் கையில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதை முழுக்க பேனர் கட்டி அன்னதானம் போடுகிற ஊர் இது. கொடுப்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான்.

அடுத்த மாதம் கவரைக் கொடுக்கும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார். இந்தப் பணத்துக்கு ஒரு வரிசை உண்டாம். முதலில் சொந்தத்தில் இல்லாதவர்கள், பிறகு அக்கம்பக்கம், பிறகு ஊர், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். தனக்குச் சொந்தத்தில் கஷ்டப்படுகிறவர்கள் யாரும் இப்போது இல்லை. எனக்கு இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம் என்றார்.

யாரும் இல்லை என்று சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா இருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போய் வருடக்கணக்காகிவிட்டது. ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு அடி அண்ணாமலையில் ஓட்டு வீட்டில் இருந்தார். பௌர்ணமிக்கு சுண்டல், தண்ணீர் பாட்டில் விற்பார். மற்ற நாளில் கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போவார். எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. காரணம் கீழ்பென்னாத்தூர் பக்கம் இருந்த மாமனார் நிலம். அவர் இறந்த பிறகு அதை விற்றோம். பாதி தருவதாகச் சொல்லித்தான் நாத்தனாரிடம் கையெழுத்து வாங்கினார் என் வீட்டுக்காரர். பணம் வந்ததும் ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து, மிச்சத்தை அப்புறம் தருகிறேன் என்றார். மிச்சம் மாடி அறைகளாக எழும்பியது. நாத்தனார் ஒரே ஒருமுறை வந்து கேட்டார். நானும் உள்ளிருந்து குத்தலாக ஏதோ சொன்னேன். அதோடு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

கவர்கள் மாதாமாதம் வந்தன. துணி தேய்க்கிற பெண்ணின் மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினேன். எங்கள் தெருவைப் பெருக்குகிற அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஒரு கவர் போனது. யாரோ கொடுக்கச் சொன்னாங்க என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்லும்போது என் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்த யாரோ நான்தான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். தெருவில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

நான்காவது வருடம் தை மாதத்துப் பௌர்ணமியில், நானும் பக்கத்து வீட்டுக்காரியும் கிரிவலம் போனோம். அடி அண்ணாமலையில் நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தார். வலது காலில் கட்டு. கட்டு அழுக்காக இருந்தது. என்னைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் கூட்டத்தோடு ரோட்டின் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து அவர் மகள் எனக்குப் போன் செய்தாள். எங்கள் நம்பரை அவள் வைத்திருந்ததே எனக்கு ஆச்சரியம்.

"அத்தை, அம்மாவுக்கு சுகர் ஜாஸ்தியாயிட்டு கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது. தெனம் வந்து கட்டு மாத்தணும்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. ஆட்டோவுக்கு முடியலன்னு அம்மா போறதையே நிறுத்திட்டாங்க. நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

மாமாவிடம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்லவும் செய்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்கு இப்போதுதான் சரக்கு எடுத்திருக்கிறேன், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை.

அந்த மாதத்துக் கவர் அப்போது என் பீரோவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போவதற்குக் கால் மணி நேரம் போதும். கொடுத்தது யார் என்று சொல்லக் கூடாது என்பதால், ஒரு பொய்கூடத் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இத்தனை நாளில் எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கோபம் என்று சொல்ல முடியாது. கவரை நீட்டினால், இது என் பங்கா என்று நாத்தனார் கேட்டுவிடுவார் என்ற பயம்தான். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் மிச்சம் எங்கே என்ற கேள்வி வந்துவிடும். மூன்றாவது நாள் அந்தக் கவரைப் பூக்கட்டும் ஒரு கிழவிக்குக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாசி பிறந்து ஒரு வாரத்தில் நாத்தனார் இறந்துபோனார். புண் மேலே ஏறி, ரத்தத்தில் விஷம் கலந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள். நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல்கூட இல்லை. என் வீட்டுக்காரர் தம்பி முறைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் குறையில்லாமல் செய்தார். கோடிப் புடவை எடுத்தார், மேளம் சொன்னார், வண்டி சொன்னார். அன்று ஒரே பகலில் செலவானதைக் கொண்டு அந்தக் காலுக்கு ஒரு வருடம் ஆட்டோ பிடித்திருக்கலாம். நாத்தனாரின் மகள் அழவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். அந்த அம்மா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொந்தத்தில் யாரும் இல்லை என்றது பொய், நாத்தனாருக்கு நிலத்தில் பங்கு பாக்கி வைத்திருந்தோம், ஆட்டோவுக்கு இல்லாமல் ஒருவர் செத்துப்போனார், உங்கள் கவர் அப்போது என்னிடம் இருந்தது என்று சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். பரவாயில்லை என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் மேலே போனேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் அதைச் சொல்லவில்லை.

வேறு வழி தெரியாமல் நானே பேசினேன். இனிமேல் இந்த வாடகையில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து, அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் அனுப்புகிறேன் என்றேன். அவர் அந்த அறைகள் எந்தப் பணத்தில் கட்டியவை என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அப்போதுதான் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். தன் கடனை அடைப்பதற்கு அந்தப் பத்தில் ஒரு பங்கை யாரும் எடுக்க முடியாது. அப்படிக் கொடுத்தால் அது கொடுத்ததாகாது. திருப்பித் தர வேண்டியதை முழுசாகத் திருப்பித் தந்த பிறகு, தன்னுடையது என்று மிஞ்சுவதில்தான் பத்தில் ஒன்று வரும். குரலில் கோபமே இல்லை. புண்ணுக்கு எந்த மருந்து போட வேண்டும் என்று ஒரு நர்ஸ் சொல்வது போலத்தான் இருந்தது. பிறகு மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார். அந்த வருடம் அவர் கிளம்பும்வரை எனக்கு வேறு கவர் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் அன்றே பேசினேன். முதலில் கத்தினார். செத்தவங்களுக்கு இனிமே என்ன பங்கு என்றார். பத்து நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. பதினோராம் நாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கும் கண்ணில் தூக்கம் இல்லை.

"அக்கா என்னைத் தூக்கிக்கினுதான் ஸ்கூலுக்குப் போவாங்க" என்றார். 

என் நகையை விற்றோம். வீட்டின் பேரில் கடன் வாங்கினோம். அன்றைக்குத் தர வேண்டியிருந்த மிச்சம் முழுவதையும் வங்கியில் டிராஃப்டாக எடுத்துக்கொண்டு, இரண்டு பேரும் அடி அண்ணாமலைக்குப் போனோம். அந்தப் பெண் வேலூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வீட்டைக் காலி செய்ய வந்திருந்தாள். நீட்டியதை வாங்கி, எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தாள். வாங்கிக்கொண்டதாக நாங்கள் கொண்டுபோன தாளில் கையெழுத்தும் போட்டாள்.

"இது எங்கம்மாவுது. அதனால வாங்கிக்கிறேன். இனிமே நீங்க வராதீங்க அத்தை."

என் வீட்டுக்காரர் அவள் தலையில் கை வைக்கப் போனார். அவள் ஒரு பாத்திரத்தை எடுக்கக் குனிந்துகொண்டாள்.

அடுத்த பனிக்காலத்தில் அந்த அம்மா வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை, இனிமேல் பிரயாணம் கிடையாது என்று ஒரு சின்ன மெயில் மட்டும் வந்தது. மாடியில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வருகிற வாடகை கடனுக்குப் போய்விடுகிறது. நான் சாயங்காலத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறேன். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தச் சம்பளம்தான் இருக்கிறது.

போன ஆவணியில் வேலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அந்தப் பெண் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், காதில் புதுத் தோடு. நல்லா இருக்கியா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, இலை போடுவதற்கு முன்பே எழுந்து அடுத்த வரிசைக்குப் போனாள். நான் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு, திருவண்ணாமலை பஸ் பிடித்தேன்.